செல்லை எண்ணும் சிப்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோபி, திருப்பூர், பல்லடம் என்று ஊர் ஊராகப் போய் ரத்தப் பரிசோதனைக்கூடங்களில் செல் கவுண்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வேலை முடிந்து பையைக் கட்டுவதற்குள் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். கொஞ்ச காலமாக அந்தக் கேள்விகளில் 'சிப்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஒரு சொட்டு வைத்தால் செல்லை எண்ணிவிடுமாமே, மாட்டுப் பாலுக்கும் உண்டாமே, புற்றுநோயைக்கூடப் பார்த்துவிடுமாமே என்று. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

செல்லைக் கண்டுபிடிக்கும் சிப் என்றால், தொலைந்த செல்போனைக் கண்டுபிடிப்பதா?

சிரிக்க வேண்டாம், கவுந்தப்பாடியில் ஒரு பெரியவர் நிஜமாகவே கேட்டார். இது உடம்பில் இருக்கும் செல். பாடப்புத்தகத்தில் உயிரணு என்று படித்திருப்பீர்கள். ரத்தத்தில் ஓடும் சிவப்பணு குறுக்கே 7 முதல் 8 மைக்ரான். பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: அதில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். ஒரு சிவப்பணு அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும். வெள்ளையணுக்களில் பெரியவை கோட்டைத் தாண்டும். தட்டணு, நாம் பிளேட்லெட் என்று சொல்வது, 2 அல்லது 3 மைக்ரான்தான். பாக்டீரியா ஒரு மைக்ரான் சுமாருக்கு இருக்கும்.

கண்ணுக்கே தெரியாததை மின்சாரம் எப்படி எண்ணுகிறது?

வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்பவானித் தண்ணீர் சின்ன மதகு வழியாக உங்கள் வயலுக்குப் பாய்கிறது. ஒரு தேங்காய் மிதந்து வந்து மதகுக்குள் நுழைந்தால், அது கடந்து போகும் வரை தண்ணீர் குறையும். முற்றிய காய் என்றால் நன்றாகக் குறையும், குரும்பை என்றால் லேசாக. மதகை எட்டிப் பார்க்காமலேயே, வயலில் நின்றபடி எத்தனை தடவை குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று கவனித்தால் போதும். வந்தது எத்தனை காய், எவ்வளவு பெரிய காய் என்று சொல்லிவிடலாம்.

இதில் தண்ணீருக்குப் பதில் உப்புக்கரைசலில் ஓடும் மின்னோட்டம், தேங்காய்க்குப் பதில் செல். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செல்லின் மேல்சவ்வு கடத்தாது. ஆகவே சின்னத் துளை வழியாக ஒரு செல் போகும் கணத்தில் மின்தடை ஒரு துளி ஏறி இறங்கும். அந்தத் துடிப்பின் உயரம் செல்லின் கன அளவுக்கு ஏற்றபடி இருக்கும். வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கர் 1953-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் உங்கள் ஊர்ப் பரிசோதனைக்கூடத்து மெஷின் சிவப்பணுவையும் தட்டணுவையும் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணுகிறது.

அப்படியானால் சிப்பில் என்ன புதுசு?

பழைய மெஷினில் துளைக்கு இந்தப் பக்கம் ஒரு மின்முனை, அந்தப் பக்கம் ஒன்று. சிப்பில் தலைமுடியைவிட ஒல்லியான கால்வாய். அதன் தரையிலேயே தங்கத்தாலோ பிளாட்டினத்தாலோ பொடி மின்முனைகள். சிக்னலைப் பெருக்கும் சுற்று சில மைக்ரான் தள்ளியே இருக்கும். சிக்னல் நீண்ட ஒயரில் பயணம் செய்து இரைச்சலை வாரிக்கொண்டு வர வேண்டியதில்லை.

இதைவிடச் சுவாரசியமானது வேறு. செல்லின் சவ்வு சில நானோமீட்டர்தான் தடிமன். உள்ளேயும் வெளியேயும் உப்புநீர், நடுவே கடத்தாத மெல்லிய ஏடு. இது அப்படியே ஒரு கெபாசிட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வுக்குச் சுமார் ஒரு மைக்ரோஃபாரட் என்று கணக்கு. மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாட்டியவர்களுக்குத் தெரியும், அது டி.சி.யை நிறுத்தும், ஏ.சி.யை விடும், அதிர்வெண் ஏற ஏற இன்னும் தாராளமாக விடும். செல்லும் அப்படியே. சில லட்சம் ஹெர்ட்ஸ் வரை மின்னோட்டம் செல்லைச் சுற்றிக்கொண்டு போகும், அப்போது தெரிவது செல்லின் அளவு. பத்து லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகப் போகச் சவ்வை ஊடுருவி உள்ளே போகும், அப்போது தெரிவது செல்லின் உட்புறம். இரண்டு அதிர்வெண்ணை ஒரே நேரத்தில் செலுத்தி, இரண்டு பதிலையும் வகுத்துப் பார்த்தால், ஒரே அளவுள்ள இரண்டு செல்களைக்கூடப் பிரித்துச் சொல்லலாம். செத்த செல்லின் சவ்வு ஓட்டைக் குடம், அதன் பதில் உயிருள்ள செல்லைப் போல வராது. சாயம் போடாமல், லேசர் இல்லாமல் இத்தனை தெரிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம்.

எல்லாச் சிப்பும் இந்த ஒரே வழிதானா?

இல்லை, பல ஜாதி உண்டு. 1970-இல் நெதர்லாந்தில் பீட் பெர்க்வெல்ட் ஒரு டிரான்சிஸ்டரின் கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) இருக்கும் இடத்தில் திரவத்தை வைத்து, அயனிகளை உணர வைத்தார். செல் தன்னைச் சுற்றிலும் அமிலம் கக்குவதை இந்த வகை உணரும். பிற்பாடு டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் சிப்களும் இதே வழியில் வந்தன.

1984-இல் ஐவர் கியேவர், சார்லஸ் கீஸ் இருவரும் தங்க மின்முனையின் மேலேயே செல்களை வளரவிட்டு, அவை ஒட்டிப் படரும்போது மின்தடை ஏறுவதை அளந்து காட்டினார்கள். கியேவர் அதற்குப் பத்து வருடம் முன்பே வேறு வேலைக்காக இயற்பியல் நோபல் வாங்கியவர். மருந்து கொட்டினால் செல் சுருங்குகிறதா, பிடிவிடுகிறதா என்று மணிக்கணக்காகப் பார்க்க இந்த முறை நல்லது.

அப்புறம் கைபேசி கேமராவில் இருப்பது போன்ற உணரியின் மேல் லென்ஸே இல்லாமல் செல்களை வைத்து, விழும் நிழலைப் படமெடுப்பது ஒரு வகை. மின்புலத்தால் செல்லைப் பிடித்து இழுத்து ஓரிடத்தில் நிறுத்துவது இன்னொரு வகை.

சர்க்கரை பார்க்கும் மெஷினும் இதுதானே?

இல்லை. அது ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மூலக்கூறை நொதி வைத்துப் பார்க்கிறது. அங்கே செல்லை எண்ணும் வேலை கிடையாது.

ஏனுங்க, எங்க சொசைட்டியில பாலுக்கு இந்தச் சிப் வருமுங்களா? மடிநோய் முன்னாடியே தெரியுமுங்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்துப் பதில் சொல்வது. வீட்டில் நாங்களும் இரண்டு கலப்பினக் கறவை வைத்திருக்கிறோம்.

மடியில் கிருமி நுழைந்தால் மாட்டின் உடம்பு அங்கே வெள்ளையணுக்களை அனுப்புகிறது. அவை பாலோடு வெளியே வரும். மடி கல்லாகி, பால் திரிந்து வருவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை ஏறிவிடும். ஒரு மில்லி பாலில் 2 லட்சம் செல்லுக்கு மேல் போனால் மடியில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஐரோப்பாவில் 4 லட்சத்துக்கு மேலும், அமெரிக்காவில் 7.5 லட்சத்துக்கு மேலும் இருந்தால் பண்ணைப் பால் தகுதி இழக்கும். நம் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துக் காசு போடுகிறார்கள். செல்லை எண்ணிக் காசு போடும் நாள் வந்தால் இந்தச் சிப்புக்குத் தானாகவே கிராக்கி வரும்.

ஆனால் பால் பொல்லாத திரவம். அதில் கொழுப்பு கரைந்து இருப்பதில்லை, பொடி உருண்டைகளாக மிதக்கிறது. சராசரி 3, 4 மைக்ரான், பெரியவை 10 மைக்ரானையும் தாண்டும். ஒரு மில்லியில் நூறு கோடிக் கணக்கில் உருண்டைகள், அவற்றுக்கு நடுவே லட்சக் கணக்கில்தான் செல்கள். மதகில் பல ஆயிரம் தேங்காய் போனால் அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது, அதுவும் பார்வைக்குத் தேங்காய் மாதிரியே இருக்கும்! அளவை மட்டும் பார்க்கும் மெஷின் பெரிய கொழுப்பு உருண்டையையும் செல் என்றே எண்ணும். கோல்ட்டர் முறையில் பாலை எண்ணிய காலத்தில் ஃபார்மலின் போட்டுச் செல்லை இறுகவைத்து, அப்புறம் கொழுப்பைக் கரைத்துவிட்டுத்தான் எண்ண வேண்டியிருந்தது.

முன்னே சொன்ன இரண்டு அதிர்வெண் இங்கேதான் கைகொடுக்கிறது. கொழுப்பு உருண்டை எந்த அதிர்வெண்ணிலும் மின்சாரத்தை விடாது, அது உள்ளும் புறமும் நெய். செல்லோ உயர்ந்த அதிர்வெண்ணில் வழிவிட்டுவிடும். ஆக இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. ஆனாலும் உருண்டைகளின் நெரிசலைக் குறைக்காமல் கால்வாயில் விட்டால் ஒரே நேரத்தில் பத்து நுழையும், எந்தச் சிப்பாலும் பிரிக்க முடியாது. பாலை அளந்து நீர்த்து, கொழுப்பைப் பெரும்பாலும் விலக்கி, பிறகு விட வேண்டும். அந்த வேலையை ஒரு தட்டைப் பெட்டிக்குள், சொசைட்டிச் செயலாளர் காலை ஐந்தரை மணிக்கு வரிசையில் முப்பது கேன் நிற்கும்போது செய்யும்படி ஆக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை சிப் செய்வது இதைவிடச் சுலபம்.

பாலின் மின்கடத்தலை மட்டும் பார்த்தால் போதாதா? கையடக்க மீட்டர் விற்கிறார்களே?

பாதி சரி. மடிநோய் வந்தால் பாலில் சோடியமும் குளோரைடும் கூடும், கடத்தல் ஏறும். ஆனால் உப்புக்கரைசலின் கடத்தல் வெப்பத்தோடும் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம். மடியிலிருந்து பீச்சிய சூட்டில் 37 டிகிரியில் ஒரு மாட்டுக்கும், ஆறவைத்து 27 டிகிரியில் இன்னொரு மாட்டுக்கும் பார்த்தால் வெப்பத்தாலேயே 20 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். மீட்டர் வெப்பத்தைத் தானே சரிக்கட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். நாலு காம்பையும் தனித்தனியாகப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஒரே மாட்டில் மூன்று காம்பு ஒரு மாதிரியும் நாலாவது வேறு மாதிரியும் காட்டினால் அந்தக் காம்பைக் கவனியுங்கள்.

இதற்கும் முந்தியது, 1957-இல் வந்த கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை. நாலு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, கொஞ்சம் சோப்பு மாதிரியான மருந்து. செல்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ. வெளியே வந்து பால் கூழாகும். கூழ் கெட்டியாக இருந்தால் செல் அதிகம். சிப் வரும் வரைக்கும் இதை வைத்துக்கொண்டு ஒரு குறையும் இல்லை.

ஒரே நாளில் ஒரு லேபில் பிளேட்லெட் 38,000, இன்னொன்றில் 52,000. மெஷின் பொய் சொல்கிறதா?

டெங்கு காலத்தில் தினமும் கேட்கும் கேள்வி. மெஷின் பொய் சொல்லாது, ஆனால் ஏமாறும்.

தட்டணுவின் துடிப்புதான் இருப்பதிலேயே சின்னது. அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வந்தால் மெஷின் அதைச் சிவப்பணு என்று நினைக்கும், கொஞ்சம் சின்னதாக வந்தால் இரைச்சல் என்று தள்ளும். ஊதிப்போன பெரிய தட்டணு கணக்கில் விட்டுப்போகும். உடைந்த சிவப்பணுத் துண்டு தட்டணுவாகக் கணக்கில் சேரும். சிலர் ரத்தத்தில், உறையாமலிருக்கக் குழாயில் போட்டிருக்கும் மருந்தாலேயே தட்டணுக்கள் திரண்டு ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். அப்போது சிட்ரேட் என்ற வேறு மருந்து போட்ட குழாயில் மறுபடி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும்.

இரைச்சல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சோமனூர்ப் பக்கம் ஒரு லேபில் காலை ஏழு மணிக்கு எடுத்தால் சரியாக வரும் எண்ணிக்கை, ஒன்பது மணிக்கு மேல் ஏறிக்கொண்டே போனது. உப்புக்கரைசலை மட்டும் ஓடவிட்டால்கூட மெஷின் தட்டணு இருக்கிறது என்றது! மூன்று தடவை போய் துளையைச் சுத்தம் செய்தேன், போர்டை மாற்றினேன், பிரயோஜனமில்லை. நாலாவது தடவை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓடத் தொடங்கும் நேரமும் எண்ணிக்கை ஏறும் நேரமும் ஒன்று. எர்த் சரியில்லாத லைனில் தறி மோட்டார்களின் குதிப்பு மெஷினுக்குள் வந்து, சின்னச் சின்னத் துடிப்பாகித் தட்டணு வேஷம் போட்டிருக்கிறது. புதிதாக எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றியதோடு நோய் தீர்ந்தது. சுற்றும் மின்முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிப்பில் இந்தத் தொல்லை குறையும், இல்லாமல் போகாது.

இன்னொன்று, எண்ணுவதிலேயே ஒரு தள்ளாட்டம் உண்டு. 100 செல் எண்ணினால் முன்பின் 10 தவறுவது சாதாரணம், 10,000 எண்ணினால் முன்பின் 100. எண்ணிக்கை குறைவாக இருக்கும் நோயாளிக்குத்தான் தள்ளாட்டம் அதிகம். 38,000-க்கும் 40,000-க்கும் வித்தியாசம் பார்த்து வீட்டில் யாரும் அழ வேண்டாம், டாக்டர் நோயாளியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோய்ச் செல்லைக் கண்டுபிடித்துவிடும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியிலிருந்து ரத்தத்துக்குள் நழுவி வரும் செல்கள் உண்மைதான், ஆனால் பல நோயாளிகளுக்கு ஒரு மில்லியில் ஒன்றிரண்டுகூடத் தேறாது. அதே மில்லியில் சிவப்பணு மட்டும் சுமார் 500 கோடி. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. ஆகவே உங்கள் ஒரு சொட்டில் அந்தச் செல் இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். இல்லாததை எந்தச் சிப் கண்டுபிடிக்கும்? அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்ற செல்சர்ச் முறையில் 7.5 மில்லி ரத்தம் எடுத்து, காந்தத் துகள்களை ஒட்டவைத்து அந்தச் செல்களை இழுத்தெடுக்கிறார்கள். அதுவும் ஏற்கெனவே நோய் உள்ளவர்களின் போக்கைக் கணிக்க. ஆரோக்கியமானவரைச் சோதிக்க அல்ல.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை. முட்டையில், இறைச்சியில் சால்மோனெல்லாக் கிருமியை உடனே காட்டுமா?

இதுவும் மேலே சொன்ன அதே முட்டுச்சந்து. சால்மோனெல்லாவுக்கு விதி 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது. சிப் பார்ப்பது சில மைக்ரோலிட்டர். 25 கிராமில் இருக்கும் ஒற்றைக் கிருமியை அந்தச் சில மைக்ரோலிட்டருக்குள் எப்படி வரவழைப்பது? அதனால்தான் லேபில் முதலில் சத்துக்கரைசலில் இரவு முழுக்க வைத்துக் கிருமியைப் பெருக வைக்கிறார்கள். பெருகிய பிறகு சிப் நிமிடத்தில் சொல்லலாம், ஆனால் அந்த இரவு மிச்சமாவதில்லை.

அண்ணா, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதைச் செய்யலாமா?

தாராளமாக, தம்பி. ஆனால் முதலிலேயே மனிதரின் ரத்தத்தில் கை வைக்காதீர்கள். பேக்கரி ஈஸ்ட் போதும், அதுவும் உயிருள்ள செல்தான், 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். பாதியைக் கொதிநீரில் கொன்றுவிட்டால் உயிருள்ளதும் செத்ததும் என்று ஒப்பிட இரண்டு மாதிரி கிடைத்துவிடும். இரண்டையும் பலமுறை கழுவி, ஒரே கரைசலில், ஒரே அடர்த்தியில் போட வேண்டும். இல்லையென்றால் செத்த செல்லிலிருந்து கசிந்த உப்பை அளந்துவிட்டு செல்லை அளந்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

தங்க முலாம் போட்ட பி.சி.பி.யில் (சர்க்யூட் போர்டில்) சீப்பு மாதிரி இரண்டு மின்முனை வரைந்து ஆர்டர் கொடுங்கள். சாதாரணப் பி.சி.பி.யில் இடைவெளி 150 மைக்ரான் சுமார் வரை இறக்கலாம். ஆகவே ஒற்றைச் செல் தெரியாது, கூட்டமாகப் படிவது தெரியும். அளக்க ஏ.டி.5933 என்ற சிப் போதும், ஒற்றைச் சிப்பில் 100 கிலோஹெர்ட்ஸ் வரை இம்பிடென்ஸ், அதாவது ஏ.சி.க்கான மின்தடை, பார்க்கும். அதில் ஒரு பொறி உண்டு. வெளியே அனுப்பும் ஏ.சி.யோடு கொஞ்சம் டி.சி.யும் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒரு கெபாசிட்டர் வைத்துத் தடுக்காவிட்டால் மின்முனையில் குமிழி கிளம்பும், தங்கத்துக்கு அடியிலுள்ள செம்பு கரையும். ஒரு கல்லூரி டெமோவில் கரைசல் மெல்லப் பச்சையாக மாற, பிள்ளைகள் அதைச் செல் வளர்ச்சி என்று நடுவரிடம் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கரைசலுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு ஊருக்கு ஊர் வேறு. காய்ச்சி வடித்த நீரில் உப்பை எடை போட்டுக் கலக்குங்கள்.

இந்தச் சிப்பைக் கோயமுத்தூரிலேயே செய்ய முடியாதா?

சிலிக்கான் வேலை இங்கே இல்லை. மொகாலியில் இருக்கும் அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் அளவில் செய்கிறார்கள். கைபேசிக்காரர்கள் இதைப் பழசு என்று ஒதுக்கிவிடுவார்கள். நமக்கு அது தாராளம், ஒரு சிவப்பணுவே அதைப்போல 40 மடங்கு பெரிது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி.கள் போன்ற இடங்களில் சிப் செய்வதற்கான தூசியில்லாத சுத்த அறைகளை வெளிக்கல்லூரி ஆட்களும் பயன்படுத்த மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் போடும் கல்லூரிகள்தான் நம் பக்கம் குறைவு. சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் தொழிற்பூங்கா வரும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

என் கண்ணுக்கு நம் ஊர் வேலை சிப்பைச் சுற்றி இருக்கிறது. கால்வாய் அச்சு, பொடி பம்ப், வால்வு, கசியாத பெட்டி. உப்புநீரில் நனைய வேண்டிய சிப்பில் அலுமினியத் தடம் அரிக்கும், ஒயர் இணைப்பு ஷார்ட் ஆகும். மின்முனை மட்டும் திறந்திருந்து மற்றதெல்லாம் மூடியிருக்கும்படி பிசின் வார்ப்பதே தனித் தொழில். பம்ப் செய்து பழகிய ஊருக்கு மைக்ரோலிட்டர் பம்ப் அப்படி ஒன்றும் தூரமில்லை.

ஒரே சிப்பைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா?

ரத்தம் பட்டதை வேண்டாம். புரதம் மின்முனையில் படிந்துவிடும், அடுத்த அளவு சாயும். தொற்று பயம் வேறு.

ஏஜென்ட் ஒருவர் டெமோ காட்ட வருகிறார். என்ன கேட்க வேண்டும்?

அவர் கொண்டுவரும் மாதிரியைத் தொடவே வேண்டாம். உங்கள் பாலையோ, லேபில் ஏற்கெனவே எண்ணிய ரத்தத்தையோ ஒரே குடுவையிலிருந்து மூன்று கிண்ணத்தில் ஊற்றி, மூன்றும் ஒன்று என்று சொல்லாமல் கொடுங்கள். மூன்று எண்ணும் அருகருகே வருகிறதா பாருங்கள். அப்புறம் அதில் ஒன்றைச் சரிபாதியாகக் கரைசலில் நீர்த்துக் கொடுங்கள், எண்ணும் பாதியாக வேண்டும். மத்தியான வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு முறை, பக்கத்து மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு முறை. இதற்குள் அவர் உங்கள் மாதிரிதான் சரியில்லை என்று ஆரம்பித்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.